வரைபில் இருந்து எண்ணெய் வண்ணம் வரை: ஓவியத்தைப் படை படையாகக் கட்டுவது எப்படி?

முற்றத்துவெயில்:

வணக்கம் எல்லாருக்கும். உயர்தரத்தில் சித்திரம் எடுத்தேன். அதற்குப் பிறகும் பென்சில், கரி, நீர்வண்ணம் என்று கையை விடாமல் வைத்திருக்கிறேன். எண்ணெய் வண்ணத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

கனடாவில் இருக்கிற அண்ணா புது வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே மாட்டுவதற்கு யாழ்ப்பாணத்துச் சரசாலையில் இருக்கும் எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீட்டை வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறார். காலை பத்து மணி போல முற்றத்துக்குள் வெயில் சரிந்து விழும். ஓட்டு விளிம்பின் நிழல் விறாந்தையின் சிவப்புச் சீமெந்தில் வளைவு வளைவாகக் கிடக்கும். அம்மம்மா தூணோடு சாய்ந்திருந்து பனங்கிழங்கு கிழிப்பார். அந்த வெளிச்சம்தான் எனக்கு வேண்டும். கொப்பியில் நிறைய வரைந்து வைத்திருக்கிறேன், படமும் எடுத்திருக்கிறேன். 24க்கு 36 அங்குல கன்வஸ் ஒன்று வாங்கியாயிற்று.

கேட்கிற இடமெல்லாம் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். பென்சிலால் நேரே கன்வஸில் வரையலாமா? அடியில் ஒரே நிறத்தில் ஒரு படம் தீட்டி, அதன் மேல்தான் வண்ணம் போட வேண்டும் என்பது உண்மையா? அடிப்படைக்கு, அதாவது அடியில் போடுகிற படைக்கு, தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வண்ணம் பாவிக்கலாமா? வண்ணத்தில் கலக்கிற லின்சீட் எண்ணெய் விலை கூட, தேங்காய் எண்ணெய் கலந்தால் என்ன என்றும் ஒருவர் சொன்னார். கடைசியாக, மழைக்காலம் தொடங்கிவிட்டது. இப்போது தொடங்கலாமா, பொறுக்க வேண்டுமா?

கரிக்கோடு:

வாங்கோ தங்கச்சி. கடைசிக் கேள்விக்கு மற்றவர்கள் வருவார்கள். நான் வரைபில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எண்ணெய் வண்ண ஓவியம் பாழாகிற இடம் பெரும்பாலும் அதுதான்.

ஒவ்வொரு படைக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள். வரைபின் வேலை, எது எங்கே இருக்கிறது என்று முடிவு செய்வது. அடிப்படையின் வேலை, எது வெளிச்சம், எது நிழல், எவ்வளவு என்று முடிவு செய்வது. மேல் வண்ணத்தின் வேலை நிறம் மட்டும். தூண் சாய்ந்திருப்பதை வண்ணத்தில் நிமிர்த்தலாம், நிழல் போதாததைக் கடைசிப் பூச்சில் கூட்டலாம் என்று விட்டால், அந்த இடத்தில் வண்ணம் தடித்து, கலங்கி, சேறாகிவிடும். நாற்சார் வீட்டில் தூண், உத்தரம், ஓட்டு வரிசை எல்லாம் நேர்கோடுகள். அவை ஓடி மறையும் புள்ளி பிழைத்தால் எந்த வண்ணமும் காப்பாற்றாது.

அதனால் வரைபைக் கடதாசியில் முடியுங்கள், அதே 24க்கு 36 அளவில். அழித்து அழித்து வரைவதைக் கடதாசி தாங்கும், கன்வஸின் பூச்சு தாங்காது. முடிந்ததும் கடதாசியின் பின்பக்கம் கரியைத் தேய்த்து, கன்வஸில் வைத்து, முன்பக்கக் கோடுகளைப் போல்பொயின்ற் பேனையால் அழுத்திக்கொண்டு போங்கள். மென்மையான கரிக்கோடு கன்வஸில் விழும். கூடுதல் தூளை மெல்லிய துணியால் தட்டிவிடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு நன்றாகத் தண்ணீர் விட்ட மண்ணிற அக்ரிலிக்கால் மெல்லிய பிரஷ் கொண்டு அந்தக் கோடுகளை ஒருமுறை எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் கரியைத் துடைத்துவிடலாம்.

பென்சிலை நான் விடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணெய்ப் படலம் வருசங்கள் போகப் போகக் கண்ணாடித்தன்மை கூடிக்கொண்டு வரும். பழைய ஐரோப்பிய ஓவியங்களில் ஓவியர் மாற்றிய கையும் காலும் மெல்ல மேலே தெரிய வருவது அதனால்தான். அம்மம்மாவின் முகத்து வெளிச்சத்துக்கு அடியில் அழுத்திய பென்சில் கோடு கிடந்தால், அதுவும் ஒருநாள் தெரியும்.

வரைந்த பிறகு முழுக் கன்வஸுக்கும் மெல்லிய நிறம் ஒன்று பூசுங்கள். வெள்ளைக் கன்வஸில் எந்த நிறமும் கருமையாகத்தான் கண்ணுக்குப் படும். அதனால் தேவைக்கு மேல் வெளிறிய வண்ணம் கலப்போம், கடைசியில் படம் முழுக்கச் சுண்ணாம்பு பூசினது மாதிரி வந்துவிடும். சுட்ட சியன்னா, கொஞ்சம் அம்பர் என்கிற மண்ணிற வண்ணங்களைக் கலந்து, தண்ணீராக, கோடு தெரியும்படி பூசினால் போதும். உங்கள் படத்தில் தரையே சிவப்பு. அந்தச் சூடு அடியில் இருப்பது மேலே போடுகிற எல்லாவற்றையும் இணைக்கும்.

அடுத்தது ஒரே நிறத்துப் படம். கறுப்பு வெள்ளையில் செய்வதைக் கிறிசாய் என்பார்கள். நான் கறுப்பை விட்டு, பச்சை அம்பரும், அதாவது சுடாத அம்பரும், டைட்டேனியம் வெள்ளையும்தான் பாவிக்கச் சொல்வேன். இதில் அவசரப்படாதீர்கள். விறாந்தையின் உள்மூலை இருட்டு, தூணின் நிழற்பக்கம், நிழலில் இருக்கும் வெள்ளைச் சீலை, வெயிலில் இருக்கும் சிவப்புத் தரை. இந்த நாலுக்கும் தொனி வரிசை, அதாவது எது கூட வெளிச்சம், எது கூட இருட்டு என்ற வரிசை, எழுதிப் பாருங்கள். நிழலில் இருக்கும் வெள்ளைச் சீலையைவிட வெயிலில் இருக்கும் சிவப்புத் தரை வெளிச்சமாக இருக்கலாம். சீலை வெள்ளை என்று மூளை அறிந்திருப்பதால் கை அதை வெளிச்சமாகத் தீட்டிவிடும். பல படங்களில் வெயில் வராமல் போவது இந்த ஒரு இடத்தில்தான். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், தெரியும்.

இந்தக் கட்டம் முடிந்து, சுவரில் சாய்த்து, அறையின் மறுமுனையில் நின்று பார்க்கும்போது வெயில் அடிக்க வேண்டும். நிறம் ஒன்றும் இல்லாமலே அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் வண்ணத்துக்குப் போகாதீர்கள்.

ஈரத்தில்ஈரம்:

கரிக்கோடு சேர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் குருநகர்ப் பக்கம் வள்ளங்களை நேரே நின்று தீட்டுகிறவன். ஒரு காலையில் தொடங்கி அதே காலையில் முடிக்கிறேன். ஈர வண்ணத்துக்குள்ளேயே ஈர வண்ணம். வரைபு என்று பார்த்தால் பிரஷால் நாலு கோடு. கடலில் வெளிச்சம் மாறுகிற வேகத்துக்குக் கிறிசாய் செய்துகொண்டிருந்தால் வள்ளமே போய்விடும்.

தங்கச்சிக்கு வேண்டியது வெளிச்சம் என்கிறார். வெளிச்சத்தைக் கிழமைக்கணக்கில் அடுக்கிக் கட்டினால் உயிர் போய்விடாதா? வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்று சின்னப் பலகைகளில் தீட்டிப் பாருங்கள். அந்தத் துணிச்சலான பூச்சு அடுக்கு முறையில் வராது.

இன்னொன்று. ஒரே அமர்வில் தீட்டினால் முழுப்படமும் ஒன்றாகக் காய்கிறது. படைகளுக்கு இடையே வெடிப்பு என்ற பிரச்சினையே பெரிதாக வராது.

கரிக்கோடு:

தம்பி, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, உங்கள் வேலைக்கு. அது அரைகுறை முறை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் இவருடைய படத்தில் இருக்கிற நிழலைப் பாருங்கள். சிவப்புச் சீமெந்தில் ஓட்டு நிழல். அந்த நிழல் கறுப்பில்லை, மண்ணிறமும் இல்லை. சிவப்பு உள்ளே இருந்து தெரிய வேண்டும், மேலே வானத்தின் நீலம் கொஞ்சம் படிந்திருக்க வேண்டும். ஈரத்தில் கலந்தால் இரண்டும் சேர்ந்து ஊதா மங்கலாகிவிடும். காய்ந்த சிவப்பின் மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய நீலத்தை ஓட விட்டால் இரண்டு நிறமும் தனித்தனியே இருந்து கண்ணில் சேரும். வெளிச்சம் மேல்படையைத் தாண்டி அடிப்படைக்குப் போய், அங்கே பட்டுத் திரும்பி வருவதால் வருகிற ஆழம் அது.

ஹேக் நகரத்து மொரிற்ஷௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிற, டச்சு ஓவியர் வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண் என்ற படத்தை எல்லாருக்கும் தெரியும். 1665 அளவில் தீட்டியது. பின்னணி கறுப்பு என்றுதான் பார்க்கிறோம். உண்மையில் அது பச்சைத் திரை. கருமையான அடிப்படையின் மேல் அவுரி நீலமும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளும் கலந்த மெல்லிய படையை ஓட விட்டு அந்தப் பச்சையை எடுத்திருக்கிறார். 2018இல் படத்தை ஆராய்ந்தபோது திரையின் மடிப்புகள் கூடத் தெரிய வந்தன. அந்தச் செடி மஞ்சள் வெளிச்சத்துக்கு மங்கிப்போக, பச்சை போய்க் கறுப்பு மட்டும் மிஞ்சியது. படை முறையின் அழகும் ஆபத்தும் அந்த ஒரே பின்னணியில் இருக்கிறது. மேல்படை மெல்லியது, அதனால் அதில் போடுகிற வண்ணம் வெளிச்சத்துக்குத் தாங்குகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

உங்கள் யோசனையில் ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன். தங்கச்சி, முற்றத்தில் நின்று சின்னப் பலகைகளில் நிறக்குறிப்பு எடுத்து வாருங்கள். கைத்தொலைபேசிப் படத்தில் நிழல் எல்லாம் கறுத்துப்போயிருக்கும், அதை நம்பி நிறம் கலக்க முடியாது.

வலிகாமத்தான்:

தேங்காய் எண்ணெய் விசயத்தை ஒருவரும் தொடவில்லை. தயவுசெய்து கலக்காதீர்கள். லின்சீட், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றில் இருக்கும் ஒட்சிசனை உறிஞ்சி இறுகிப் படலமாகிறது. தண்ணீர் ஆவியாகிக் காய்வது வேறு, இது வேறு. எந்த எண்ணெய் இப்படி இறுகும் என்பதை அயடீன் எண் சொல்லும். ஆளிவிதைக்கு அது 170க்கு மேல். தேங்காய் எண்ணெய்க்கு 10 அளவுதான். அது ஒருநாளும் காயாது. நல்லெண்ணெய் 100க்குக் கொஞ்சம் மேலே, அதுவும் போதாது. தேங்காய் எண்ணெயைப் பிரஷ் கழுவ வைத்திருங்கள். காயாத குணம் அதற்கு நல்லது. எண்ணெயில் வண்ணத்தைக் கழற்றி, பிறகு சவர்க்காரம் போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்வரை கழுவுங்கள்.

ஹாட்வெயார் கடையில் மரத்துக்குப் பூச விற்கிற காய்ச்சின லின்சீட்டும் வேண்டாம். அதில் உலர்த்திகள் கலந்திருக்கும். கெதியாகக் காயும், கெதியாக மஞ்சளாகும், பிறகு வெடிக்கும். மண்ணெண்ணெயால் வண்ணத்தை இளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாமல் பிசுக்கை விட்டுப் போகும்.

இனி எனக்குப் பிடித்த விசயம். சிவப்புத் தரைக்கு நிறம் தேடுகிறீர்கள், எங்கள் செம்மண் காலுக்குக் கீழே கிடக்கிறது. செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. கடையில் காவி, சியன்னா என்று விற்கிற மண் வண்ணங்களின் நிறத்துக்கும் இரும்புச் சேர்வைகள்தான் காரணம். வெளிச்சத்துக்கு மங்காது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டத்து மண் கொஞ்சம் எடுத்து, வாளித் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் இறங்க விட்டு, மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள். அது படிந்ததும் தெளிந்த தண்ணீரை வார்த்துவிட்டு, திரும்பத் திரும்பக் கழுவுங்கள். உப்பும் உரமும் போக வேண்டும். காய வைத்து, அரித்து, தடித்த கண்ணாடியில் லின்சீட் விட்டு அரையுங்கள். விரலில் தொட்டால் நறநறக்காத பதம் வரவேண்டும். எங்கள் ஊர் மண்ணாலேயே அம்மம்மாவின் வீட்டைத் தீட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஊர்க் கல்லுச் சுண்ணாம்பை அடிப்பூச்சில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நீற்றின சுண்ணாம்பு கடுமையான காரம், எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றிவிடும். அரைத்த சோக்குத் தூள் பிரச்சினை இல்லை, ஆனால் அதைப் பசையோடு குழைத்துப் பூசுகிற பழைய முறை இறுக்கமான பலகைக்குத்தான் சரிவரும். கன்வஸ் அசையும்போது அது வெடிக்கும். கன்வஸுக்கு அக்ரிலிக் ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு போதும்.

முற்றத்துவெயில்:

செம்மண் யோசனை மனதில் ஒட்டிவிட்டது, அண்ணா. இந்தச் சனிக்கிழமையே போய் எடுத்து வருகிறேன்.

கன்வஸ் கடையில் வாங்கியது, வெள்ளைப் பூச்சு ஏற்கனவே இருக்கிறது. அதற்கு மேல் இன்னும் ஜெசோ பூச வேண்டுமா? மெலிந்ததன் மேல் கொழுத்தது என்கிற விதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. எவ்வளவு எண்ணெய், எப்போது?

மருதனார்மடத்துமாணவி:

நான் இராமநாதன் நுண்கலைப் பக்கம் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிறேன். விலை குறைந்த கன்வஸில் பூச்சு மெல்லியதாக இருக்கும். பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசித்துளைகள் தெரிந்தால் இன்னும் இரண்டு பூச்சு ஜெசோ போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒருமுறை தேயுங்கள். எண்ணெய் நேரே துணி நாரில் பட்டால் நாள் போகப் போக நாரை உக்க வைக்கும். ஜெசோவின் முதல் வேலை அதைத் தடுப்பது.

மெலிந்தது, கொழுத்தது என்பது வண்ணத்தில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதுதான். எண்ணெய் கூடினால் படலம் மெதுவாக இறுகும், வளைந்து கொடுக்கும். குறைந்தால் கெதியாக இறுகும், விறைப்பாக இருக்கும். கொழுத்த படை கீழேயும் மெலிந்த படை மேலேயும் இருந்தால், மேலே இருப்பது விறைத்துப்போன பிறகும் கீழே இருப்பது அசைந்துகொண்டிருக்கும். மேல்படை வெடிக்கிறது. அதனால் முதல் எண்ணெய்ப் படைக்கு வண்ணத்தோடு, அதை இளக்குகிற டர்பன்டைன் கொஞ்சம் மட்டும். தண்ணீர் மாதிரி இளக்கக் கூடாது, வண்ணத்தூளைப் பிடித்து வைக்க எண்ணெய் போதாமல் போய், கை பட்டால் தூளாக உதிரும். அடுத்த படைக்கு லின்சீட் ஒரு பங்கு, டர்பன்டைன் இரண்டு பங்கு கலந்த கலவையில் சில துளிகள். கடைசி மெல்லிய படைகளுக்கு இரண்டும் சரிபாதி.

அக்ரிலிக் கேள்விக்கு: அக்ரிலிக் கீழே, எண்ணெய் மேலே என்றால் சரி. மறுவளமாக ஒருநாளும் வேண்டாம், பிடிக்காது, உரியும். கரிக்கோடு சேர் சொன்ன ஒரே நிறத்துப் படத்தை நீங்கள் அக்ரிலிக்கிலேயே முடித்துவிடலாம். மெல்லியதாக, பளபளப்பு இல்லாமல் இருக்க வேண்டும்.

குழாயின் மேலேயும் பாருங்கள். சின்னச் சதுரம் ஒன்று அடித்திருப்பார்கள். நிரம்பிய சதுரம் என்றால் மூடுகிற வண்ணம், வெறும் சதுரம் என்றால் ஊடு தெரிகிற வண்ணம். நிழலுக்கு ஓட விடுகிற படைக்கு வெறும் சதுரம்தான் வேண்டும். அல்ட்ராமரின் நீலம் அப்படியானது, பிபி 29 என்று இருக்கும். வெள்ளைக்குப் பிடபிள்யூ 6, அது டைட்டேனியம். பிடபிள்யூ 4 என்று இருந்தால் நாகம், அதாவது சிங்க் வெள்ளை. அது எண்ணெயோடு சேர்ந்து காலப்போக்கில் நொறுங்குகிற படலமாகிவிடும், மேலே போட்ட படைகள் கழன்று வரும். மலிவான குழாய்களில் இரண்டையும் கலந்து விற்கிறார்கள், சின்ன எழுத்தை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

சோளகம்:

காலத்தைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊரில் அதுதான் பாதி வேலை.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் எண்ணெய்ப் படை இழுத்துக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் கூட, கன்வஸ் தளர்ந்து தொங்கும், வெயில் வந்ததும் இறுகும். அரைகுறையாகக் காய்ந்த படைக்கு இந்த இழுபறி நல்லதில்லை. போதாததற்குப் பூஞ்சணம். சுவரோடு ஒட்ட வைத்த கன்வஸின் பின்பக்கத்தில் கறுப்புப் புள்ளி புள்ளியாக வரும். இரண்டு மரக்கட்டை கொடுத்துச் சுவரில் இருந்து விலக்கி வையுங்கள்.

மறுபக்கம், வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று அடிக்கத் தொடங்கினால் செம்மண் புழுதி வீட்டுக்குள் வந்து ஈரப் படையில் ஒட்டும். ஒட்டினால் காயும்வரை தொடக்கூடாது, துடைத்தால் கோடு விழும்.

ஆகவே உங்கள் காலம் தையில் இருந்து சித்திரை வரை. இந்த மழையில் கடதாசி வரைபு, ஜெசோ, அக்ரிலிக் அடிப்படை எல்லாவற்றையும் முடியுங்கள். அக்ரிலிக் மழையிலும் ஒரு நாளில் காய்ந்துவிடும். தைப்பொங்கல் கழித்து எண்ணெயை எடுங்கள். கெதியாகக் காயட்டும் என்று நடு வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், மேல்தோல் இறுகி உள்ளே பச்சையாக நிற்கும், சுருக்கம் விழும். வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள விறாந்தை போதும். இருட்டு அறையில் பூட்டி வைத்தாலும் லின்சீட் மஞ்சளிக்கும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? தொட்டால் ஒட்டாதது போதாது. ஓரத்தில் தடித்த ஒரு இடத்தில் நகத்தால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் பொறுங்கள். அம்பர் கலந்த இடங்கள் முதலில் காயும், அதில் இருக்கிற மங்கனீசு காய்வதைத் துரிதப்படுத்துகிறது. கறுப்பும் கட்மியம் சிவப்பும் பின்தங்கும். மிக மெதுவான இடத்தைப் பார்த்துத்தான் அடுத்த படைக்குப் போக வேண்டும்.

இதைத் தயவுசெய்து எல்லாரும் வாசியுங்கள். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டு, நெருப்புப் பெட்டி இல்லாமலே தீப்பிடிக்கும். எங்கள் கோடை வெக்கையில் கேட்கவே தேவையில்லை. துணியை விரித்து வெளியே காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடித் தகரத்தில் போடுங்கள். டர்பன்டைன் போத்தலை மூடியே வையுங்கள், யன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

நல்லூர்ப்பெரியவர்:

பிள்ளைகள் இப்படிக் கதைப்பதை வாசிக்க மனம் நிறைகிறது. இங்கே ஓவியத்தைக் கூட்டாகப் படிப்பது புதிதில்லை. ஓவியர் எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தை இங்கே யாழ்ப்பாணத்தில்தான் தொடங்கினார். பிறகு ஓவியர் அ. மாற்கு எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தார். 1995 யுத்த இடப்பெயர்வில் வீடுகளில் மாட்டியிருந்த ஓவியங்கள் என்னென்ன போயின என்று கணக்குச் சொல்ல ஆளில்லை. தப்பி நிற்பவையும் ஈரத்திலும் கறையானிலும் போய்க்கொண்டிருக்கின்றன. அதனால்தான் ஜெசோ, எண்ணெய்க் கணக்கு என்று நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. எங்களிடம் இழக்க இனிப் படங்கள் இல்லை.

அடுக்கு முறையை வகுப்பில் மட்டும்தான் படிக்கலாம் என்றும் இல்லை. 1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். ரவி வர்மாவுக்குக் கற்றுக்கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை, வேலை செய்வதைப் பார்க்க மட்டும் விட்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பார்த்தே பிடித்துக்கொண்டார். எங்கள் வீடுகளின் சாமியறையில் இருந்த இலட்சுமி, சரஸ்வதி படங்களில் எத்தனையோ அவருடைய அச்சகத்து வழி வந்தவை. அந்த அச்சும் படைதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல், ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தி எடுத்தது. பழைய படம் ஒன்று கிடைத்தால் பூதக்கண்ணாடியால் முகத்தைப் பாருங்கள் பிள்ளை. தோல் நிறத்துக்குள் நீலப் புள்ளிகள் இருக்கும்.

முற்றத்துவெயில்:

எல்லாருக்கும் நன்றி. அடிப்படை முடிந்துவிட்டது. பச்சை அம்பர் அக்ரிலிக்கும் வெள்ளையும். கரிக்கோடு சேர் சொன்ன மாதிரி மறுமுனையில் நின்று பார்த்தேன், தரையில் வெயில் அடிக்கிறது. சீலையைத் தரையைவிடக் கருமையாக்கினதும்தான் அது வந்தது.

செம்மண்ணும் அரைத்துப் பார்த்தேன். குழாயில் வருகிற சிவப்பை விடக் கொஞ்சம் செம்மஞ்சள் சாய்கிறது, ஆனால் சீமெந்துக்குப் பக்கத்தில் வைத்தால் வடிவாகப் பொருந்துகிறது. இப்போது எந்த இடத்தில் இருந்து வண்ணத்தைத் தொடங்குவது? முகத்தில் இருந்தா?

கரிக்கோடு:

முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். தரையில் தொடங்குங்கள், படத்தின் சூட்டை அதுதான் தீர்மானிக்கிறது. வெயில்படும் தரைக்கு உங்கள் செம்மண்ணோடு டைட்டேனியமும் கொஞ்சம் மஞ்சள் காவியும். தடிப்பாக, பிரஷின் தடம் தெரிகிற மாதிரிப் போடலாம். நிழல்படும் தரைக்கும் அதே செம்மண்தான், வெள்ளை இல்லாமல், மெல்லியதாக. இந்தப் படையில் நிழலை முழுக்கக் கருமையாக்க வேண்டாம். அடிப்படை அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வெளிச்சம் தடித்தும் நிழல் மெலிந்தும் இருக்கட்டும்.

அது நன்றாகக் காய்ந்ததும் அல்ட்ராமரினும் ஒரு துளி சுட்ட சியன்னாவும், சரிபாதிக் கலவையில் இளக்கி, ஓட்டு நிழல் முழுவதற்கும் ஓட விடுங்கள். பூசிய உடனே பஞ்சுத் துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். சுவரோரம் கூடுதலாக விடுங்கள், முற்றத்துப் பக்கம் வர வர மெலியுங்கள். முற்றத்தில் பட்ட வெயில் திரும்பி விறாந்தைக்குள் அடிப்பதால் அந்தப் பக்க நிழலில் சூடு இருக்கும். நிழலின் விளிம்பிலும் ஒரு விசயம் இருக்கிறது. ஓட்டுக்கும் தரைக்கும் தூரம் இருப்பதால் அந்த வளைவுகள் கத்தியால் வெட்டின மாதிரி இராது. உலர்ந்த மென்பிரஷால் விளிம்பை ஒருமுறை தடவிவிடுங்கள்.

ஒரு நிழலுக்கு ஒரே ஓட்டம் போதாமல் இருக்கலாம். மெல்லியதாக இரண்டு மூன்று போடுங்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. மங்கலாக, எண்ணெய் குடித்த மாதிரி இடங்கள் தெரிந்தால் பயப்படாதீர்கள். கீழ்ப்படை மேலே இருந்த எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது. கலவையில் ஒரு துளியை அந்த இடத்தில் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்தால் நிறம் திரும்ப வரும்.

முகத்துக்கு: எங்கள் தோலுக்கு அடிப்படை பச்சை சாய்ந்திருப்பது நல்லது. பழைய இத்தாலியர் பச்சை மண்ணால் முகத்தின் அடியைத் தீட்டியது மேலே வருகிற செம்மை உயிர்ப்போடு தெரிய வேண்டும் என்பதற்காக. உங்கள் பச்சை அம்பர் ஓரளவு அந்த வேலையைச் செய்யும். தாடைக்குக் கீழேயும் கண்குழியிலும் அதை மூடாமல் விடுங்கள்.

ஈரத்தில்ஈரம்:

ஒன்று சேர்க்கிறேன். அந்தப் பனங்கிழங்குக் குவியலையும் அம்மம்மாவின் விரல்களையும் ஒரே அமர்வில், ஈரத்தில் முடியுங்கள். கிழிபடுகிற கிழங்கின் வெள்ளைக்கு ஒரு பிரஷ் அடி, அதற்கு மேல் தொடாதீர்கள். படம் முழுக்க அமைதியான படைகள் இருக்க, அந்த ஒரு இடம் அசையும்.

கரிக்கோடு:

இதை நான் இரண்டு கையாலும் ஒப்புக்கொள்கிறேன்.

முற்றத்துவெயில்:

அதை அப்படியே செய்கிறேன் அண்ணா. கடைசிக் கேள்வி: கனடாவுக்கு எப்படி அனுப்புவது? சட்டத்தோடு அனுப்பச் செலவு கூட. அண்ணா ஆடிக்குள் வேண்டும் என்கிறார். வார்னிஷ் அடித்து அனுப்பவா?

சோளகம்:

ஆடிக்குள் வார்னிஷ் வேண்டாம். மெல்லிய படம் என்றாலும் ஆறு மாதம், தடித்த இடங்கள் இருந்தால் ஒரு வருசம் பொறுக்க வேண்டும். முழுதாகக் காயாத படையின் மேல் வார்னிஷ் பூசினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பின்னொரு காலத்தில் வார்னிஷை மட்டும் கழற்ற முடியாது. ஈரமான நாளில் பூசினால் வெண்படலமும் விழும். அண்ணாவின் வீட்டில் ஒரு வருசம் மாட்டி வைத்த பிறகு அங்கேயே பூசலாம்.

அனுப்புவதற்குச் சட்டத்தில் இருந்து கழற்றிச் சுருட்டுங்கள், ஆனால் நகம் அழுத்திப் பார்த்து ஒரு இடத்திலும் பள்ளம் விழாத பிறகு. வண்ணம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கமாகச் சுருட்டினால் படலம் நெரிந்து, விரிக்கும்போது வெடிக்கும். மேலே ஒட்டாத கடதாசி விரித்து, அகலமான பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் தளர்வாகச் சுற்றுங்கள். ஒடுங்கின குழாய் வேண்டாம். வெயில்படும் தரையை மிகத் தடிப்பாகப் போட்டிருந்தால் சுருட்டவே கூடாது, அதனால் பிரஷ் தடத்தை இப்போதே அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஓரங்களில் இரண்டு அங்குலம் வெறும் கன்வஸ் இருந்தால் அங்கே இழுத்து அடிக்க வசதி.

சட்டத்தின் மூலைகளில் செருகுகிற சின்ன மர ஆப்புகள் இருக்கும், அவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். குளிர்காலத்தில் அங்கே வீட்டுக்குள் சூடாக்கி ஓடும்போது காற்று வறண்டு கன்வஸ் இறுகும், கோடையில் தளரும். தளர்ந்தால் ஆப்பை மெல்லத் தட்டி இறுக்கச் சொல்லுங்கள். சூடாக்கிக்கு மேலே மாட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

முற்றத்துவெயில்:

குழாய்க்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறேன், ஆறு அங்குல விட்டம். ஆப்புகள் ஒரு பையில் கட்டிக் குழாய்க்குள்ளேயே போகும். இந்தக் கிழமை பொங்கல் முடிய, தரையின் முதல் எண்ணெய்ப் படையைத் தொடங்குகிறேன். காய்ந்ததும் படம் எடுத்துப் போடுகிறேன், சேர். நிழலுக்குப் போக முதல் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.